பத்திரமாக எடுத்துவைத்த தகடு

ரத்தத்தைக் கழுவ வெந்நீர் ஊற்றக் கூடாது, பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். மியூசியத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருவதற்கு முன்னால் சரசு ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே கற்றுக்கொண்டது அது. அதனால் சூப்பர்வைசர் ரகு வந்து, கன்னடம் கலந்த தமிழில், "அக்கா, இன்ஜின் பக்கத்துல ஸ்வல்ப ரத்தம் கொட்டியிருக்கு. காயறதுக்குள்ள கழுவிடு. டைரக்டர் சார் வந்துக்கினே இருக்காரு" என்றதும் அவள் குழாயடிக்குப் போய் இரண்டு வாளிகளை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"யாருக்கு சார் அடி?"

"லோடிங் ஆளு ஒருத்தனுக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. நீ பேக, சீக்கிரம் வேலையப் பாரு."

வெளியே மழை விடவில்லை. ஷெட்டின் பெரிய ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீளமான டிரெய்லர் லாரி, புதுக் கட்டடத்துக்குப் போகவிருந்த இன்ஜினுக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு காலத்தில் கரும்பாலையில் ஓடிக்கொண்டிருந்த சின்ன நீராவி இன்ஜின் அது. ஒரு பக்கம் ஜாக்கியின் மேலே தூக்கினபடியும், இன்னொரு பக்கம் கட்டையிலிருந்து சரிந்தபடியும் கிடந்தது. ஆட்கள் ஒருவரையும் காணோம். சற்று முன் பெரிய சத்தம் கேட்டபோது சரசு ஷெட்டின் மறுகோடியில் ஜட்கா வண்டிகளுக்கு பபுள் ஷீட் சுற்றிக்கொண்டிருந்தாள். எதையோ கீழே போட்டுவிட்டார்கள், ரகுவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தாள்.

குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் ஆரங்களைப் பிரஷ்ஷால் தேய்த்தாள். தண்ணீர் சிவப்பாகத் தண்டவாளத்தின் ஓரமாக ஓடி, மழைத் தண்ணீரோடு சேர்ந்து வெளுத்தது. இரண்டாவது வாளியையும் ஊற்றினாள். ஃபினாயில் தெளித்தாள். சக்கரத்துக்குப் பின்னால் பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது ஒரு நீல ரப்பர் செருப்பு வந்தது. வார் அறுந்த இடத்தில் ஓர் ஊக்குக் குத்தியிருந்தது. காலையில் அந்த ஊக்கைத் தன் தாலிக் கயிற்றிலிருந்து கழற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரகு ஷட்டர் ஓரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"உன் வீட்டுக்காரன்தான்க்கா. முன்னாடியே சொல்லியிருந்தா நீ கத்திக்கினு ஓடியிருப்ப. சார் வர்ற நேரம் வேற. பரவால்ல, கழுவிட்டல்ல, இப்போ நீ போ. லீவு நான் சொல்லிக்கறேன்."

ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போனாள் என்பது அவளுக்கு நினைவில்லை. கையிலிருந்த ஃபினாயில் வாசனை மட்டும் நினைவிருந்தது.

அவள் கணவன் நாகேஷுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு வெளியே சட்டையெல்லாம் ரத்தமாக முனியப்பன் உட்கார்ந்திருந்தான். லோடிங் ஆட்களில் மூத்தவன். நீலசந்திரா ஏரியாக்காரன். டெம்போவைக் கூப்பிட்டுக் காத்திருக்காமல் நாகேஷைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடி ஆட்டோ பிடித்தவன் அவன். நடந்ததை அவன்தான் சொன்னான். டிரெய்லருக்கு ரோட்டில் போகக் கிடைத்த பர்மிட் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. மழையில் கட்டையெல்லாம் வழுக்குகிறது, நின்றதும் செய்யலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். ரகு கேட்கவில்லை. "ஏய் நாகேஷா, உள்ள பூந்து ஆப்ப உருவுடா, ஹோகோ, பேக" என்று கத்தினான். நாகேஷ் புகுந்தான். ஜாக்கி நழுவியது.

"நான் போயிருக்கணும் தங்கச்சி. அவன் ஒல்லி, அதனால ரகு அவன அனுப்பினான்" என்றான் முனியப்பன்.

நாகேஷை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே சரசுதான். பொம்மசந்திராவில் அவன் வேலை செய்த கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது, மியூசியத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரகுவிடம் கெஞ்சினாள். "உனக்காக எடுக்கறேன்க்கா" என்று ரகு சொன்னதை வீட்டில் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் பத்திரிகைச் செய்தி வந்தது. மகள் ஷில்பா காலேஜிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே நின்றாள். சரசு என்னவென்று கேட்டதற்குப் போனை நீட்டினாள். கன்னடத்தில் இருந்தது. கீழே இன்ஜின் படம்.

"படிடி" என்றான் கட்டிலிலிருந்து நாகேஷ்.

"வேணாம்பா."

"படின்னு சொல்றேன்ல."

ஷில்பா தமிழில் சொன்னாள். செல்ஃபி மோகத்தால் காலை இழந்த தொழிலாளி. பழைய இன்ஜின்மேல் ஏறிப் படம் எடுக்க முயன்றபோது விபத்து. எச்சரித்தும் கேட்கவில்லை என்று மியூசிய நிர்வாகம் வருத்தம். போலீஸிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தன் தப்பால் வந்த காயத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று கான்ட்ராக்ட் ஆபீஸிலிருந்து சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் சரசுக்கு விளங்கியது.

"கிளாஸ்ல எல்லாருக்கும் ஃபார்வர்ட் ஆயிடுச்சு. சிரிக்கிறாங்க" என்று ஷில்பா உள்ளே போனாள்.

நாகேஷ் தலையணைக்கு அடியில் கையைவிட்டுத் தன் போனை எடுத்தான். பட்டன் போன். எண்களெல்லாம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எங்கடி செல்ஃபி எடுக்கிறது?" என்றான். சிரிக்கப் பார்த்தான். பிறகு அதைச் சுவரைப் பார்த்து எறிந்தான். போன் உடையவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. குனிந்து எடுக்க அவனால் முடியவில்லை. சரசு எடுத்துக் கொடுத்தாள்.

அவள் திரும்ப வேலைக்குப் போனாள். வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள். ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. வேறு இடத்தில் தரை துடைக்கப் போனால் ரகுவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"வந்துட்டியாக்கா? ஒள்ளேதாயித்து, நல்லதாச்சு. மனச இங்க வேலையில போடு, எல்லாம் சரியாப் போயிடும்" என்றான் ரகு.

"சரி சார்."

டைரக்டர் ஆராவமுதன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர். யாரையும் அதட்டி அவள் பார்த்ததில்லை. "ரொம்ப வருத்தமா இருக்கு சரசம்மா. இந்தக் காலத்துப் பழக்கம், என்ன பண்றது. எம் பையனும் இப்படித்தான், போனைக் கையவிட்டு வைக்க மாட்டான்" என்றார். அவளுக்கு வாய்வரை வந்தது. அவரிடம் சொல்லி என்ன ஆகும்? பத்திரிகைக்காரனிடம் பேசியவரே அவர்தான்.

ரகு அவளை எதற்கும் கூப்பிடுவான். அவன் கேபினைப் பெருக்குவது அவள் வேலை. டீ கொண்டுவருவது அவள் வேலையில்லை, ஆனால் கொண்டுவந்தாள். அவன் காரைக் கழுவுவதும் அவள் வேலையில்லை, கழுவினாள். ஒருநாள் டீயில் துப்பிக் கலக்கிக் கொண்டுபோய் வைத்தாள். அவன் குடித்துவிட்டு, "இன்னிக்கு இஞ்சி ஜாஸ்தி போட்டான் போலக் கீதே, நல்லாக் கீது" என்றான். அன்று முழுக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இது போதாது. அவன் குடித்துவிட்டுப் போய்விடுகிறான். அவனுக்குத் தெரிய வேண்டும். நான்கு பேர் முன்னால் நிற்க வேண்டும். தான் சொல்வதை யாரும் நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ள வேண்டும். நாகேஷைப் பற்றிப் போலீஸில் பொய் சொன்ன அந்த வாய், அதே போலீஸ் முன்னால் நின்று திக்க வேண்டும். டபுள் டெக்கர் பஸ்ஸின் ஜன்னல்களைத் துடைக்கும்போதும், பல்லக்கின் கொம்பை எண்ணெய் போட்டுத் தேய்க்கும்போதும் அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

சாமான்கள் ஒவ்வொன்றாக ஹோசூர் ரோட்டுக்கு அப்பால் கட்டியிருந்த கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்ஜினை மழை விட்ட பிறகு வேறு ஜாக்கி கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் அதன் விளக்கு, விசில், பக்கவாட்டிலிருந்த பித்தளைப் பெயர்த் தகடு எல்லாவற்றையும் முனியப்பன்தான் போல்ட் கழற்றி எடுத்துக் கொடுத்தான். ஆலை வைத்திருந்த குடும்பம் மியூசியத்துக்கு இரவலாகக் கொடுத்த இன்ஜின் அது. அந்தத் தகடு இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு, தகட்டுக்கு ஒன்று ஆனால் அந்தக் குடும்பத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று டைரக்டர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ரகு அவற்றை ஒரு மரப்பெட்டியில் வைத்துத் தன் கேபினில் பூட்டினான். சாவி அவன் பையில்.

சாவியை அவன் தினமும் காலையில் அவளிடம் தூக்கிப் போடுவான். "கேபின் பெருக்கிட்டுக் குடுக்கா."

மரப்பெட்டிக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. பெருக்கிக்கொண்டே வந்தவள் பெட்டியின் முன்னால் துடைப்பத்தோடு நின்றாள். பபுள் ஷீட்டுக்குள் தகடு மங்கலாக மினுங்கியது. கேபின் சாவி ரகுவுடையது, பெட்டியை வாங்கி வைத்தவன் ரகு. இது காணாமல் போனால் யாரைக் கேட்பார்கள்? இந்தக் கேள்வியை அவள் ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதில் இருந்தது. தகட்டை உருவினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மாப் வாளியின் கறுப்புத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலே மாப்பைப் போட்டு, தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாளியை டெம்போவில் ஏற்றப் போனபோது கேட்டில் செக்யூரிட்டி அவள் டிஃபன் டப்பாவைத் திறந்து பார்த்தான். வாளியைக் கண்டதும் மூக்கைச் சுளித்துத் தள்ளி நின்றான்.

வாளிகளும் துடைப்பங்களும் போன டெம்போவிலேயே தகடும் புதுக் கட்டடத்துக்குப் போனது. அங்கே ஹவுஸ்கீப்பிங் அறையில் ஃபினாயில் கேன்களுக்குப் பின்னால் அதைச் சொருகி வைத்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தது.

புதுக் கட்டடத்தில் பெட்டியைப் பிரித்தபோது கூச்சல் எழுந்தது. சரசு மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ரகுவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. திறப்பு விழாவுக்கு அழைப்பெல்லாம் போய்விட்டது, மந்திரி வருகிறார், இன்ஜின் குடும்பத்தார் வருகிறார்கள். டைரக்டரின் முகம் வெளுத்திருந்தது. போலீஸ் ஜீப் உள்ளே வந்தபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைப்பிடியில் எக்கிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ரகுவோடு நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். ரகு விரல்விட்டுப் பெயர்களைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் முனியப்பனையும் இன்னும் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

"கழட்டினது நான்தான் சார், ஆனா குடுத்துட்டேனே, ரகு சார் கையிலதானே குடுத்தேன்!" என்று முனியப்பன் சொல்லிக்கொண்டே ஏறினான். ரகு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கீழே ஓடி வருவதற்குள் ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் முனியப்பனின் மனைவி சின்னத்தாய் ஸ்ரீராம்புரத்துக்குத் தேடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஸ்டேஷனுக்குப் போனேன்க்கா, பாக்க விடல. எதிர் டீக்கடையில நின்னுக்கினு இருந்தேன். இன்னொருத்தன வெளிய விட்டாங்க, அவன் சொல்றான், எங்கூட்டுக்காரர உள்ளங்கால்லயே அடிக்கிறாங்களாம். எங்க வித்தேன்னு கேட்டு அடிக்கிறாங்களாம். அவரு எதக்கா வித்தாரு? நீ அங்க சார்ங்ககிட்ட பேசுறவ. ஒரு வார்த்த சொல்லேன்க்கா. அவரு எடுத்திருக்க மாட்டாருன்னு சொல்லேன்."

சரசு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்றேன்" என்றாள். "காலையில வந்துடுவாரு. நான் சொல்றேன், நீ போ."

சின்னத்தாய் போனதும் அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாகேஷ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"நீயா?" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"சரசு, உன்னத்தான் கேக்கறேன். நீயா எடுத்த?"

"அவன்மேல வரும்னு நெனச்சேங்க. சாவி அவன்கிட்டதான இருந்துச்சு. யாரு கேட்டாலும் அவனத்தான கேக்கணும்?"

"எவன்டி கேட்டான் இத்தன நாளா? என் கால் போனப்ப அவன எவன் கேட்டான்?" நாகேஷின் குரல் உடைந்தது. "என்னத் தூக்கிக்கினு ஓடினவன்டி முனியன். நடுரோட்டுல நின்னு ஆட்டோவ மறிச்சான். போய்க் குடுத்துடு."

"குடுத்தா நான் உள்ள போவேன்."

உள்ளே ஷில்பா படிப்பதை நிறுத்திவிட்டாள் என்பது தெரிந்தது.

"திரும்பி வரும்" என்றாள் சரசு. "அவன்கிட்டருந்தே வரும். எல்லாரும் பாக்க வரும்."

காலையில் எப்போதையும்விட முன்னதாகப் போனாள். ரகுவின் வெள்ளைக் கார் போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில் நின்றது. வழக்கம்போலக் கார் சாவியைத் தூக்கிப் போட்டான். "மந்திரி ஆளுங்க இடம் பாக்க வர்றாங்க. பளபளன்னு கழுவு." அவள் சரி சார் என்றாள். ஹவுஸ்கீப்பிங் அறையிலிருந்து ஈரத் துணிக்குள் தகட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, டிக்கியில் ரப்பர் விரிப்புக்கு அடியில் வைத்து மூடினாள். பிறகு பைப்பைப் பிடித்துக் காரை நிதானமாகக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் மறுபடி கழுவினாள்.

டைரக்டரும் இன்ஸ்பெக்டரும் மந்திரியின் ஆள் ஒருவரும் காபிக் கோப்பைகளோடு வெளியே வந்தார்கள். கூடவே ரகு, நுழைவாசலில் வளைவு எங்கே கட்டப்போகிறோம் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டு.

"சார்" என்று கூப்பிட்டாள் சரசு. "டிக்கிக்குள்ள தண்ணி பூந்துட்ட மாதிரி கீது. தொறந்து தொடைக்கட்டா?"

"தொடைச்சுக்கோ, தொடைச்சுக்கோ. இத வேற என்னக் கேக்கணுமா?" என்றான் ரகு திரும்பாமலே.

அவள் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினாள். துணியை உதறி, இரண்டு கையாலும் தகட்டை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். வெயில் பட்டு அது கண்ணைக் கூசச் செய்தது.

"சார், நீங்க தேடிக்கினு இருந்தது இதானா பாருங்க."

ரகு திரும்பினான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. காபிக் கோப்பையை இன்ஸ்பெக்டர் கீழே வைத்தார். "சார், அது... நான்... நனகே கொத்தில்லா சார், எனக்குத் தெரியாது சார்" என்று ரகு கன்னடத்திலும் தமிழிலும் திக்கினான். நெற்றியில் வியர்வை பொடித்தது. கண் ஒவ்வொரு முகமாகப் போய்க் கெஞ்சியது. கடைசியில் சரசிடம் வந்து நின்றது. அவளும் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

டைரக்டர் ஒரு கணம் மந்திரியின் ஆளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அட, ரகு! நீதான் எடுத்து வச்சியா? நல்ல வேளைப்பா! லாரியில போனா அடிபடும்னு தன் கார்லயே பத்திரமா கொண்டுவந்து வச்சிருக்கான் சார். இந்த அலைச்சல்ல மறந்துட்டான். ராத்திரி பகலா உழைக்கிறான், பாவம்."

ரகு மூச்சை இழுத்து விட்டான். "ஹௌது சார். டென்ஷன்ல... மறந்தே போச்சு சார்."

"ஆகுத்தே, சில சமயம் அப்படி ஆகும்" என்று இன்ஸ்பெக்டரும் சிரித்தார். "நானே கண்ணாடிய நெத்தியில வச்சுக்கினு தேடுவேன்." கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மந்திரியின் ஆள் தகட்டை வாங்கித் தடவிப் பார்த்து, நல்ல கனம் என்றார்.

சரசின் கைகள் தகடு இல்லாமல் முன்னால் நீண்டிருந்தன. "அப்ப முனியப்பன் அண்ணன் சார்?" என்றாள்.

"யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓ, அந்த லோடிங் ஆளுங்க. ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். அனுப்பிடுங்க சார்" என்றார் டைரக்டர்.

அவர்கள் உள்ளே போனார்கள். ரகு கடைசியாகப் போனான். அவளைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, "பங்ஷன் முடியட்டும்க்கா" என்றான்.

"முடியட்டும் சார்" என்றாள் சரசு.

திறப்பு விழாவன்று காலையில் தகடு இன்னும் இன்ஜினில் ஏறவில்லை. போல்ட் துளைகளின் வரிசை முனியப்பனுக்குத்தான் பழக்கம், அவனைக் கூப்பிடு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். முனியப்பன் வந்தான். கட்டடத்தின் பின்வாசலிலிருந்து இன்ஜின் நிற்கும் ஹாலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு பலமுறை நின்றான். பாதங்கள் இரண்டும் ஊதி, விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. வராவிட்டால் வேலை போய்விடும் என்று சின்னத்தாய்தான் அனுப்பியிருந்தாள்.

ஏணியைப் பிடிக்கச் சரசு போனாள். அவன் ஒவ்வொரு படியிலும் குதிகாலை ஊன்றாமல் பக்கவாட்டில் வைத்து ஏறினான். பல்லைக் கடித்த சத்தம் கீழே அவளுக்குக் கேட்டது. மேலே போய் இன்ஜினில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினான். அவள் தகட்டைத் தூக்கிக் கொடுத்தாள்.

"அண்ணா" என்றாள். "நான்தான் எடுத்தேன்."

ஸ்பானர் நின்றது. அவன் கீழே பார்க்கவில்லை. தூரத்தில் மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன்மேல போகும்னு நெனச்சேன். உன்னப் புடிப்பாங்கன்னு நெனைக்கவே இல்லண்ணா. என்ன நீ செருப்பாலயே அடி, நான்..."

"நீதான் கார்லருந்து எடுத்துக் காமிச்சியாமே" என்றான் முனியப்பன்.

"ஆமா."

"அப்ப அவன் மொகம் எப்படி இருந்துச்சு?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அது இருந்தது, ஆனால் அவள்மேல் இல்லை.

"வெளுத்துப் போச்சுண்ணா. கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. வாய் தொறந்துச்சு, பேச்சு வரல. நனகே கொத்தில்லா நனகே கொத்தில்லான்னு திக்கினான்."

"வேர்த்துச்சா?"

"கொட்டிச்சு."

"அழுதானா?"

"அழற மாதிரிதான் இருந்தான். அதுக்குள்ள டைரக்டரு சிரிச்சுட்டாரு."

முனியப்பன் முதல் போல்ட்டை முடுக்கினான். "எவ்ளோ நேரம்?" என்றான்.

"கொஞ்ச நேரந்தாண்ணா."

"சரி. இன்னொரு தடவ சொல்லு. மொதல்லருந்து."

அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ரகுவின் கண் ஒவ்வொரு முகமாகப் போய்க் கெஞ்சியதையும், கடைசியில் தன்னிடம் வந்ததையும் சொன்னாள். முனியப்பன் கேட்டுக்கொண்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான். ஒவ்வொரு முடுக்குக்கும் உடம்பின் பாரம் பாதத்தில் இறங்கியது, அவன் கண்ணை மூடித் திறந்தான்.

கடைசி போல்ட் இருந்தபோதே வாசலில் நாதஸ்வரம் கேட்டது. மந்திரி சீக்கிரமே வந்துவிட்டார். செக்யூரிட்டி இருவர் ஓடி வந்தார்கள். "ஏணிய எடு, எடு! ஏய், நீ எறங்குடா!"

"அவரால சட்டுனு எறங்க முடியாது" என்றாள் சரசு.

"அப்ப உள்ள போகச் சொல்லு! தலையக் காட்டாத!"

முனியப்பன் இன்ஜின் டிரைவர் நிற்கும் தட்டுக்குள் உடம்பைச் சரித்து விழுந்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொருவன் பித்தளைக் கால்களை நட்டு, அவற்றில் சிவப்புக் கயிற்றை மாட்டி இன்ஜினைச் சுற்றி வளைத்தான். சரசை ஒரு தூணுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள்.

கூட்டம் உள்ளே வந்தது. டைரக்டர் மைக்கைப் பிடித்து மெதுவான குரலில் பேசினார். இத்தனை பெரிய இடமாற்றத்தில் ஒரு பொருளுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றார். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை என்றார். அப்படிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவரை இந்த மேடையில் கௌரவிக்காமல் இருக்க முடியாது என்றார். ரகு தலை குனிந்து முன்னால் வந்தான். இன்ஜின் குடும்பத்துப் பெரியவர் அவனுக்குச் சால்வை போர்த்தினார். மந்திரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோ எடுக்கிறவன் அவர்களைச் சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் வரிசையாக நிற்கச் சொல்லி, தகடு நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டடி தள்ளி நிற்க வைத்தான்.

அவர்கள் தலைகளுக்கு மேலே, இன்ஜினின் இரும்பு விளிம்பைப் பற்றியிருந்த முனியப்பனின் நான்கு விரல்கள் தூணுக்குப் பின்னால் நின்ற சரசுக்குத் தெரிந்தன. போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்தி, செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான். செக்யூரிட்டி கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே லத்தியை நீட்டி இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினான். விரல்கள் ஒவ்வொன்றாக விலகி உள்ளே போயின.